ரெண்டு கோடை தாண்டினா வைன் வினிகரா? 64 பாட்டில வெச்சுக்கிட்டு கேக்கறேன்

கப்பல்காரன் (ஞாயிறு காலை 7:42)

நேத்து ஃப்ரிட்ஜ் பத்தின த்ரெட்ல சோமபானம்77 ஒரு தீர்ப்பு எழுதிட்டு போயிருக்கார், "சென்னைல ரெண்டு கோடை தாண்டின வைன் எதுவா இருந்தாலும் வினிகர்தான், சிங்க்ல ஊத்திட்டு வேற வேலையப் பாருங்க" அப்படின்னு. படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. அதான் தனி த்ரெட்.

26 வருஷம் கப்பல்ல இன்ஜின் ரூம் வேலை. ஒவ்வொரு தடவை சைன் ஆஃப் ஆகி, அதாவது கப்பல் வேலை முடிஞ்சு, ஊருக்கு வரும்போதும் கஸ்டம்ஸ்ல விடற ரெண்டு லிட்டருக்குள்ள ரெண்டு பாட்டில். பார்சிலோனா, ஜெனோவா, கேப்டவுன்னு எங்க இறங்கினேனோ அங்கத்து வைன். குடிச்சது, குடுத்தது எல்லாம் போக இன்னிக்கு 64 இருக்கு. அண்ணா நகர் வீட்ல சின்ன ரூம் முழுக்க அதுக்குன்னே ஒதுக்கி ஏசி போட்டு வெச்சிருந்தேன். இப்ப ஆவணில பெருங்குடி ஃப்ளாட்டுக்கு மாறணும், ரெண்டே பெட்ரூம். வைன் ஃப்ரிட்ஜ்ல 24 பிடிக்கும். மீதி 40ஐ எப்படி கழிக்கறதுன்னு மூணு மாசமா நோட்டு போட்டு எழுதறேன். ஒண்ண எடுப்பேன், துடைப்பேன், லேபிளப் படிப்பேன், அந்த துறைமுகம் ஞாபகம் வரும், திரும்ப அதே இடத்துல படுக்க வெச்சிடுவேன். போன மாசம் கஷ்டப்பட்டு ஆறு குறைச்சேன், மாப்பிள்ளை துபாய்லேர்ந்து வரும்போது ரெண்டு வாங்கிட்டு வந்துட்டார்.

எத முதல்ல திறக்கணும்னுதான் என் கேள்வி. எல்லாமே வினிகர்ங்கறவங்க தயவு செஞ்சு ஆதாரம் குடுங்க.

சோமபானம்77 (காலை 8:15)

ஆதாரமா? மே மாசம் மத்தியானம் மொட்டைமாடில நில்லுங்க சார், அதான் ஆதாரம். வைன் பன்னெண்டு பதிமூணு டிகிரில இருக்கணும், நம்ம ஊர்ல 40 தாண்டுது. எந்த ஏசியும் 12க்கு போகாது. அதனால வினிகர்தான்.

அம்பத்தூர்_ஏசி (காலை 8:31)

ஏசி வேலைல இருக்கறவன்ங்கறதால சொல்றேன். ஸ்ப்ளிட் ஏசி ரிமோட்ல 16க்கு கீழ இறங்காது, அது சரி. ஆனா ரிமோட்ல தெரியறது நீங்க கேட்ட குளிர், ரூம்ல இருக்கற குளிர் இல்ல. கட்டிலுக்கு கீழ ஒரு கணக்கு, லாஃப்ட்ல ஒரு கணக்கு. மேல் மாடி வீடா இருந்தா ராத்திரி கூட தளம் சூட்ட கக்கிட்டே இருக்கும். கப்பல்காரன் அண்ணே, பாட்டில் எந்த உயரத்துல இருக்கு? லாஃப்ட்ல எதுவும் இருக்கா?

கப்பல்காரன் (காலை 8:50)

தம்பி, நல்ல கேள்வி. தரையோட 50, லாஃப்ட்ல 14. லாஃப்ட்ல இருக்கறது இடம் பத்தாம வெச்சது, அத நானே சந்தேகப்படறேன்.

ஆனா சோமபானம் சாருக்கு ஒண்ணு கேக்கறேன். வினிகர் ஆகணும்னா காத்து வேணும். ஆல்கஹால அசெட்டிக் ஆசிடா மாத்தற பாக்டீரியா காத்து இல்லாம வேலை செய்யாது. கார்க் இறுக்கமா இருக்கற பாட்டிலுக்குள்ள காத்து எங்கேர்ந்து வரும்? சூட்டுல கெட்டுப்போகலாம், வினிகர் ஆகாது. ரெண்டும் வேற.

சோமபானம்77 (காலை 9:05)

கெட்டுப்போச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. நன்றி. நானும் அததான் சொன்னேன், வினிகர்.

கப்பல்காரன் (காலை 9:11)

நான் "கெட்டுப்போகலாம்"னு எழுதினேன். "போச்சு"ன்னு எழுதல. மேல போய் இன்னொரு தடவை படிங்க.

பெரம்பூர்_அக்கா (காலை 10:20)

சர்ச் போயிட்டு வந்து பாக்கறேன், காலைலயே ஆரம்பிச்சிட்டீங்க. எங்க வீட்ல மூணு தலைமுறையா கிறிஸ்துமஸுக்கு திராட்சை வைன் போடறோம். கம்பம் பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கை கோதுமை, பீங்கான் ஜாடி. தினம் மரக்கரண்டியால கிண்டி 21ஆம் நாள் வடிகட்டணும். ஒரு வருஷம் வடிகட்டினப்புறம் ஜாடி வாயில மூடிய சரியா போடாம வெறும் துணி மட்டும் கட்டி விட்டுட்டேன். பிப்ரவரில திறந்தா மேல ஜவ்வு மாதிரி ஒரு ஆடை, மூக்க பொத்திக்கற நெடி. அதான் வினிகர். அத வெச்சு விண்டாலு பண்ணினேன், கடைல விக்கற சிந்தெடிக் வினிகர் பக்கத்துலயே வர முடியாது. அதே வருஷம் கழுத்து வரைக்கும் ஊத்தி இறுக்கி மூடின பாட்டில் எல்லாம் ஈஸ்டர் வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு. ஆக காத்துதான்.

அப்புறம் கப்பல்காரன் சார், காலி பாட்டில் இருந்தா எனக்கு வேணும். இந்த வருஷத்துக்கு பத்து பன்னெண்டு தேவைப்படுது.

சோமபானம்77 (காலை 10:34)

அக்காவே சொல்லிட்டாங்க, பிப்ரவரிலயே வினிகர் ஆயிடுச்சாம். பிப்ரவரி கோடை கூட இல்ல. அப்ப மே மாசம் எப்படி இருக்கும்னு பாத்துக்கங்க.

பெரம்பூர்_அக்கா (காலை 10:37)

நான் என்ன எழுதினேன், நீங்க என்ன படிச்சீங்க? துணி கட்டின ஜாடி தம்பி. துணி.

சட்டம்_பேசுவோம் (காலை 11:02)

இங்க யாருக்கும் சட்டம் பத்தி கவலையே இல்லையா? தமிழ்நாடு மதுவிலக்கு சட்டம் 1937லேர்ந்து இருக்கு. வீட்ல எவ்வளவு வெச்சுக்கலாம்னு வரம்பு இருக்கு, அதுக்கு மேலன்னா பெர்மிட் வேணும். வீட்ல வைன் காய்ச்சறதுக்கும் லைசென்ஸ் இல்லாம அனுமதி இல்ல. 64 பாட்டில்னு நம்பர் போட்டு எழுதறீங்க, ஜாடி கணக்கு எழுதறீங்க.

பெரம்பூர்_அக்கா (காலை 11:09)

நாங்க காய்ச்சறதில்ல, ஊற வைக்கறோம். காய்ச்சறது வேற தொழில். எங்க பாட்டி காலத்துலேர்ந்து பண்டிகைக்கு செய்யறத நீங்க காய்ச்சறதுன்னு எழுதறது எனக்கு பிடிக்கல. போன டிசம்பர்லயும் இதேதான் எழுதினீங்க, நான் மறக்கல.

நாசிக்_ரிட்டர்ன் (மதியம் 12:15)

கப்பல்காரன் சார் லிஸ்ட்ல நம்ம நாட்டு வைன் ஒண்ணாவது இருக்கா?

கப்பல்காரன் (மதியம் 12:28)

இருக்கு, ஒம்போது. பசங்க கல்யாணத்துல வந்தது. திருகு மூடி போட்டது. அத முதல்ல தள்ளிடலாம்னு இருக்கேன், அதுல யோசிக்க ஒண்ணுமில்ல.

நாசிக்_ரிட்டர்ன் (மதியம் 12:40)

வந்துட்டீங்களா பாயிண்டுக்கு! ஜெனோவாலேர்ந்து வந்தா நோட்டு போட்டு துடைப்பீங்க, நாசிக்லேர்ந்து வந்தா யோசிக்க ஒண்ணுமில்ல. நான் அங்க ஏழு வருஷம் வேலை பாத்தவன். நாசிக்ல இருக்கற சூலா வைன் கம்பெனியோட முதல் பாட்டில் வெளிய வந்தது 2000ல, அன்னிக்கு சிரிச்சவங்க இன்னிக்கு வரிசைல நிக்கறாங்க. பெங்களூர் பக்கத்துல நந்தி மலை அடிவாரத்துல க்ரோவர் வைன் கம்பெனில பிரான்ஸ் போர்தோவோட வைன் நிபுணர் மிஷேல் ரோலானே வந்து ஆலோசனை சொல்லியிருக்கார். திருகு மூடின்னா மட்டம்னு யார் சொன்னது? காத்து உள்ள போகக் கூடாதுன்னு நீங்கதான காலைலேர்ந்து கத்தறீங்க, கார்க்க விட திருகு மூடி நல்லா தடுக்கும்.

கப்பல்காரன் (மதியம் 12:55)

மட்டம்னு நான் சொல்லல. அது ரெண்டு மூணு வருஷத்துல குடிக்கறதுக்குன்னே செஞ்சது, வெச்சிருந்தா பிரயோஜனம் இல்லன்னுதான் தள்ளறேன்னேன். வெள்ளை வைன், ரோஸேங்கற இளஞ்சிவப்பு வைன் எந்த நாடா இருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். சோதேர்ன் மாதிரி இனிப்பு வைன் வேற விஷயம், அது பல பத்து வருஷம் தாங்கும், எங்கிட்ட ஒண்ணு இருக்கு, அத தொட மாட்டேன்.

சோமபானம்77 (மதியம் 1:10)

எல்லாரும் முக்கியமான விஷயத்த விட்டுட்டீங்க. வர்தா. 2016ல வர்தா புயல் அடிச்சப்ப அண்ணா நகர்ல எத்தனை நாள் கரண்ட் இல்ல? அன்னிக்கு உங்க ஏசி ஓடுச்சா?

கப்பல்காரன் (மதியம் 1:32)

வர்தா கரையக் கடந்தது டிசம்பர் 12. கார்த்திகை மாசக் கடைசி. எங்க தெருவுல நாலு நாள் கரண்ட் இல்ல, மரம் விழுந்து வாசக்கதவு திறக்க முடியல, தண்ணி மோட்டார் ஓடல, எல்லாம் உண்மை. ஆனா ராத்திரி போர்வை போத்திக்கிட்டுதான் படுத்தோம். அந்த குளிர்ல நாலு நாள்ல வைன் கெடுமா? மே மாச கரண்ட் கட்ட பத்தி கேட்டா பதில் சொல்லலாம், நீங்க வர்தாவ கொண்டு வர்றீங்க.

சோமபானம்77 (மதியம் 1:36)

நாலு நாள். குறிச்சுக்கங்க எல்லாரும். நாலு நாள் ஏசி இல்ல.

கப்பல்காரன் (மதியம் 2:20)

சரி, பேசிப் பிரயோஜனம் இல்ல. லாஃப்ட்லேர்ந்து ஒண்ண இறக்கிட்டேன். ஸ்பெயின்ல ரியோகா வட்டாரத்து வைன், 2009. மூடி மேல இருக்கற தகடு திருகினா சுத்தல, கழுத்தோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கத்தியால கீறி எடுத்தா உள்ள கார்க்க சுத்தி வெல்லப்பாகு காஞ்ச மாதிரி கறுப்பா பிசுக்கு. சூட்டுல வைன் விரிஞ்சு கார்க்க கொஞ்சம் மேல தள்ளி கசிஞ்சிருக்கு. வெளிச்சத்துல பிடிச்சா வைன் மட்டம் கழுத்துலேர்ந்து தோள் வரைக்கும் இறங்கியிருக்கு. கார்க்கோட ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் சிவப்பு கோடு. டம்ளர்ல ஊத்தினா ஓரத்துல செங்கல் கலர். வாசனை பேரீச்சம்பழம், கொஞ்சம் கருகின சர்க்கரை. நெடி இல்ல, கண்ணு எரியல. வாயில வெச்சா தட்டையா இருக்கு, பழ ருசி போயிடுச்சு, ஆனா புளிக்கல. புளிக்கல சார். வினிகர் இல்ல.

2010ல பில்பாவோல வாங்கினது. அன்னிக்கு எங்க சீஃப் இன்ஜினியர் ரிட்டயர் ஆனார், அவர் கையால எடுத்துக் குடுத்தது. லாஃப்ட்ல வெச்சது என் தப்பு, அது எனக்கு வலிக்குது. ஆனா அத வினிகர்னு சொல்ல விட மாட்டேன்.

நாசிக்_ரிட்டர்ன் (மதியம் 2:31)

பேரீச்சம்பழ வாசனை, தட்டை ருசின்னா வெந்துபோன வைன்னு அர்த்தம். நாங்க அப்படித்தான் சொல்லுவோம். மட்டம் இறங்கினது, பிசுக்கு கசிஞ்சது எல்லாத்தையும் முதல்ல திறந்துடுங்க, திறக்காமலே வெளிலேர்ந்தே கண்டுபிடிக்கலாம். என் நாசிக் பாட்டில் ஒம்போதும் அதுக்கப்புறம்.

சோமபானம்77 (மதியம் 2:34)

வெந்தா என்ன, வினிகரானா என்ன, குடிக்க முடியாதுல்ல. முடிஞ்சுது.

கப்பல்காரன் (மதியம் 2:58)

முடியல. மதீரான்னு ஒரு வைன் கேள்விப்பட்டிருக்கீங்களா? அந்தக் காலத்துல பீப்பாய்ல ஏத்தி வெயில் கடல்ல இந்தியா வரைக்கும் வந்து திரும்பிப் போனா ருசி கூடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. இன்னிக்கும் அந்த மதீரா தீவுல ஒரு வகைய 45, 50 டிகிரி சூட்டுல மூணு மாசத்துக்கு குறையாம வைக்கறாங்க. வேணும்னே! சூடு பட்டா வினிகர்னா மதீரா தீவு முழுக்க ஊறுகாய் கம்பெனிதான் இருக்கணும்.

சோமபானம்77 (மதியம் 3:04)

உங்க பாட்டில் மதீராவா?

கப்பல்காரன் (மதியம் 3:06)

உதாரணம் சொன்னேன்.

சோமபானம்77 (மதியம் 3:07)

மதீரா இல்லல்ல. அப்ப வினிகர்.

அம்பத்தூர்_ஏசி (மாலை 4:40)

ஒரு வேலைய முடிச்சுட்டு இப்பதான் பாக்கறேன். அண்ணே, ரியோகாவுக்கு வருத்தமா இருக்கு. மீதி 13ஐ இன்னிக்கே தரைக்கு இறக்கிடுங்க. புது ஃப்ளாட்ல மேற்கு சுவர் பக்கம் வைக்காதீங்க, சாயந்திர வெயில் சுவர்ல ஏறி ராத்திரி வரைக்கும் நிக்கும். வைன் ஃப்ரிட்ஜ பால்கனில வைக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, கம்ப்ரஸர் ஓடி ஓடி செத்துடும், இபி பில்லும் எகிறும்.

புதுசா_வந்தவன் (மாலை 5:12)

ப்ரோ, ஓஎல்எக்ஸ்ல போட்டு வித்துடலாமே? 40 பாட்டில் நல்ல காசு வருமே.

சட்டம்_பேசுவோம் (மாலை 5:15)

தம்பி, அந்த கமெண்ட்ட உடனே எடுங்க. தமிழ்நாட்ல 2003லேர்ந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கைல. தனி ஆள் வித்தா வழக்கு. காலைலேர்ந்து வரம்பு பத்தி கேக்கறேன், கப்பல்காரன் பதிலே சொல்லல.

கப்பல்காரன் (மாலை 5:50)

விக்கறதா இருந்தா என்னிக்கோ வித்திருப்பேன். வரம்பு எனக்கும் தெரியும், அதனாலயும்தான் குறைக்கறேன், இந்த த்ரெட் போட்டதே அதுக்குத்தான். நண்பர்கள் ஆறு பேர சனிக்கிழமை கூப்பிட்டிருக்கேன், லாஃப்ட் பாட்டில் 13ஐயும் வரிசையா திறந்து யார் யாருக்கு எது புளிக்குதுன்னு எழுதி இங்க போடறேன். ஒண்ணு வினிகரா இருந்தாலும் மறைக்காம எழுதுவேன்.

சோமபானம்77 (மாலை 5:58)

நண்பர்கள் ஓசி வைன குடிச்சுட்டு புளிக்குதுன்னு சொல்லுவாங்களா என்ன. நான் வரேன், நான் சொல்றேன்.

கப்பல்காரன் (மாலை 6:01)

நீங்க வர வேண்டாம். திறக்கறதுக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதினவர் எதுக்கு.

பெரம்பூர்_அக்கா (மாலை 6:30)

காலி பாட்டில் கேட்டேனே சார், அத யாருமே கவனிக்கல. சனிக்கிழமை முடிஞ்சதும் 13 வரும்ல?

கப்பல்காரன் (இரவு 7:15)

மன்னிச்சுக்கங்க அக்கா, பாக்கல. காலி பாட்டில் ஏற்கனவே 11 இருக்கு, பெருங்குடிக்கு அட்டப்பெட்டில கட்டியாச்சு. லேபிள் ஊற வெச்சு உரிக்கலாம்னு பாத்தேன், பாதில கிழியுது, அதான் அப்படியே எடுத்துட்டு போறேன். அந்த ரியோகாவும் அதுல சேரும். சனிக்கிழமைக்கு அப்புறம் திருகு மூடி பாட்டில் ஒம்போதும் உங்களுக்குத்தான், நிச்சயம்.

நாசிக்_ரிட்டர்ன் (இரவு 7:18)

பாத்தீங்களா, காலியானப்புறமும் நாசிக்தான் வெளிய போகுது.

சோமபானம்77 (இரவு 7:20)

நாலு நாள் ஏசி இல்ல. அத யாரும் பேச மாட்டேங்கறீங்க.