காசு முடையில் புத்தி மந்தமாகுமா? கரும்பு விவசாயிகள் ஆய்வு பற்றி ஒரு விவாதம்

முக்கூடல் செல்வி:
2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு நம் தமிழ்நாட்டில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர், 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்பும் பின்பும் புதிர்களும் கவனச் சோதனைகளும் வைத்தார்கள். ஆள் ஒருவரேதான். கரும்புக் காசு வந்தபிறகு அவரே தெளிவாக, வேகமாகச் செய்தார். பணக்கவலை மூளையில் இடம் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு. 'தப்புத் தப்பா முடிவெடுத்துத்தான் ஏழையாக இருக்கிறார்கள்' என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. எங்கள் ஊரில் பீடி சுற்றும் அக்காமார்களைப் பாருங்கள். வாரக் கூலி கைக்கு வருவதற்கு முன்பே குழுக் கடன் தவணைக்கு ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் மகளின் உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

களக்காட்டு வாழைக்காரன்:
எனக்கு இது சரியாகப் படவில்லை தாயி. தார் வெட்டுக்கு முந்தைய மாதங்களில்தான் எங்கள் கணக்கு கூர்மையாக இருக்கும். எந்தக் கடையில் உரம் கடனுக்குக் கிடைக்கும், எந்த நகையை அடகு வைத்தால் எவ்வளவு வட்டி ஏறும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். அந்த ஆய்வாளர்கள் பணக்கவலையின் பாதிப்பு ஐ.க்யூ (அறிவுத்திறன் அளவு) 13 புள்ளி குறைவதற்குச் சமம் என்றும் சொன்னார்களே, அதுதான் எனக்குக் கோபம். நாளைக்குக் கடன் கொடுக்க மறுக்கிறவர் அதையே காரணம் காட்டுவார். சூறைக்காற்றில் வாழை சாய்ந்தால் காப்பீடு கிடைக்க வேண்டும், தாருக்கு விலை வேண்டும். அதை விட்டுவிட்டு எங்கள் மூளையை எதற்கு அளக்கிறார்கள்?

பேட்டை கணக்கு வாத்தியார்:
அண்ணாச்சி பக்கம் எனக்கும் ஒரு கேள்வி. ஒரே புதிரை இரண்டாம் முறை செய்தால் யாரும் நன்றாகத்தானே செய்வார்கள்? அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பளத்துக்கு முன்பும் பின்பும் சோதித்த 2016 ஆய்வில் சிந்தனைத் திறனில் வித்தியாசமே தெரியவில்லை. 2021இல் பற்றாக்குறை பற்றிய 20 ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது சில நின்றன, சில அடியோடு விழுந்தன.

முக்கூடல் செல்வி:
பழக்கத்தால் வந்த தேர்ச்சியா என்று பார்க்க, 100 விவசாயிகளை அறுவடைக்குப் பிறகுதான் முதல்முறையாகச் சோதித்தார்கள் சார். அதிலும் முடிவு மாறவில்லை. பருவநிலையும் காரணம் இல்லை. ஆலையால் எல்லாக் கரும்பையும் ஒரே நேரத்தில் அரைக்க முடியாது, அதனால் பக்கத்து வயலுக்கே வெட்டு வேறு மாதத்தில் வரும். அமெரிக்க ஆய்வை நான் ஒதுக்கவில்லை. ஆனால் மாதத்துக்கு இரண்டு முறை சம்பளம் வாங்குகிறவரின் நெருக்கடியும், வருஷத்துக்கு ஒரு வெட்டை நம்பி இருப்பவரின் நெருக்கடியும் ஒன்றா?

அண்ணாச்சி, நீங்கள் சொல்லும் அடகுக் கணக்கு அவர்கள் கருத்துக்கு எதிரானது இல்லை. நெருக்குகிற விஷயத்தில் மனசு கூர்மையாகிறது, மற்றது நழுவுகிறது என்றுதான் சொல்கிறார்கள். ஒடிசாவில் இலைத் தட்டு தைப்பவர்களிடம் பிற்பாடு நடந்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியம். கூலி அதேதான், சிலருக்கு மட்டும் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தார்கள். அவர்கள் வேலை கூடியது, கவனப் பிசகு குறைந்தது.

களக்காட்டு வாழைக்காரன்:
அதை ஒத்துக்கொள்வேன். கூலியை முன்னால் கொடுத்தால் வேலை நன்றாக நடக்கிறது என்பதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று தெளிவாகிறது. 13 புள்ளியை மட்டும் எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

முக்கூடல் செல்வி:
சரி அண்ணாச்சி, அந்த எண்ணை இனி நான் சொல்லப் போவதில்லை. தவணை நாளைக் கூலி நாளுக்கு மறுநாளாக மாற்றச் சொல்லி எங்கள் குழுக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். உங்கள் பக்கம் வாழைக்கு வாங்கும் பயிர்க்கடனில் தவணை எப்போது விழுகிறது, தார் வெட்டுக்கு முன்பா பின்பா?