கீப்பர் தானாகப் போய்க் கோல் கொடுத்தது சரியா?

திடல்காரன்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துத் திடலில் போன ஞாயிறு மாலை இறுதியாட்டம். கடைசி நிமிடம் வரை 0-0. கார்னரில் வந்த பந்தை நம் கீப்பர் கோட்டருகே விழுந்து பிடித்தான். மழையில் சுண்ணாம்புக் கோடு பாதி கரைந்திருந்தது. ரெஃப்ரிக்கு முன்னால் பையன்கள் கூட்டம், அவர் "ஆடுங்கள்" என்று கை காட்டிவிட்டார். இவன் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி நேராக அவரிடம் போய், "உள்ளே போச்சு சார்" என்றான். 1-0, கிண்ணம் போச்சு. தேவாலயத்துச் சபைப் பையன்தான். அடுத்த ஆட்டத்துக்கு அவன் வேண்டாம் என்று செயலவையில் பேச்சு. உங்கள் கருத்து?

பழைய ஸ்ட்ரைக்கர்:
வேண்டாம்தான். கோலா இல்லையா என்று பார்க்கத்தான் ரெஃப்ரிக்குக் காசு கொடுக்கிறோம். பொய் சொல் என்று யாரும் கேட்கவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். முதல் பாதியில் நம் பையனுக்கு ஆஃப்சைட் என்று தப்பாகக் கொடியைத் தூக்கினார்களே, எதிரணியில் ஒருத்தனாவது வந்து உண்மையைச் சொன்னானா?

சபைப் பிள்ளை:
அண்ணே, வாயை மூடிக்கொண்டு என்ன செய்வான்? பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடர வேண்டும். உள்ளே போகவில்லை என்று அந்த உதையே சொல்லிவிடுமே. "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்", பைபிளில் சங்கீதம் 15. 2012இல் இத்தாலியின் லாசியோ அணிக்கு ஆடிய குளோசே, நாப்போலிக்கு எதிராகப் போட்ட கோல் கையில் பட்டது என்று தானே ரெஃப்ரியிடம் சொன்னார். கோல் ரத்து. கடைசியில் 3-0 தோல்வி.

பழைய ஸ்ட்ரைக்கர்:
அது ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில். மீதி நேரம் முழுக்கக் கையில் இருந்தது. தோற்றாலும் குளோசேவுக்குச் சம்பளம் வந்துவிடும். நம் பையன்கள் காலையில் செம்பனைக் குலை வெட்டிவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். நீங்கள் சொன்ன வசனத்தில் நஷ்டம் அவனுக்கு. இங்கே பத்துப் பேருக்கு. அவர்களைக் கேட்டானா?

லயத்து அக்கா:
விடுங்கலா! நம் பூப்பந்து வீரர் லீ சோங் வெய் 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டத்திலும் தோற்றார். நாடே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லையா?

பழைய ஸ்ட்ரைக்கர்:
அக்கா, அவர் அடித்து ஆடித் தோற்றவர்.

ஆறாம் நம்பர்:
எனக்கு வேறு சந்தேகம். ஓட்டக்காரர் எரிக் லிடல் ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரையே விட்டுவிட்டு, 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். நம்மாள் ஞாயிறு ஆடிவிட்டு யோக்கியன் ஆகிறானா?

சபைப் பிள்ளை:
காலை ஆராதனைக்கு வந்துவிட்டுத்தான் போனான். பேச்சை மாற்றாதீர்கள். ஸ்ட்ரைக்கர் அண்ணன் கேட்டதுதான் சரியான கேள்வி, எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைப் பாருங்கள்: "ஒருவன் மல்யுத்தம்பண்ணினாலும், சட்டத்தின்படி பண்ணாவிட்டால் முடிசூட்டப்படான்." பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால் கோல். தாண்டிவிட்டது. அப்புறம் அந்தக் கிண்ணம் நம் பத்துப் பேருடையது எப்படி ஆகும்? இல்லாததை அவன் எங்கிருந்து பறித்தான்?

திடல்காரன்:
ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் நம் பையன்கள் சிலர் கை குலுக்காமலே லாரியில் ஏறிவிட்டார்கள். கோல் கொடுத்தவன் மட்டும் நின்று எதிரணியில் எல்லோருக்கும் கை கொடுத்தான். செயலவை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பழைய ஸ்ட்ரைக்கர்:
கை குலுக்காமல் போனது அசிங்கம், அதை ஒத்துக்கொள்கிறேன். பையனை நீக்க நான் கை தூக்க மாட்டேன், அவனை விட்டால் கீப்பருக்கு நமக்கும் ஆள் இல்லை. ஆனால் வரும் ஞாயிறு போதகர் அவனை முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்ல வைத்தால் நான் எழுந்து பேசுவேன். மற்ற பையன்களில் நாலு பேர் அதே சபையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.