விறாந்தையில் 140 நிமிடங்கள்: ஒரு களப் பயிற்சி அனுபவம்

பாடசாலைகளில் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்களைக் கையாளப் பட்டப்பின் படிப்பு மாணவர்களைப் பழக்குவது என் வேலை. இந்தத் தவணை ஒரு மாணவியோடு குருக்கள்மடத்தில் பாதையேறி (மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவையை இங்கே பாதை என்போம்), அம்பிளாந்துறையில் இறங்கி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் உட்புறத்தில் ஒரு சிறிய பாடசாலைக்குப் போய்வருகிறேன்.

தரம் 3 இல் ஒரு சிறுவன். கொப்பியைக் கிழிப்பான், பென்சிலை எறிவான், கதிரையைத் தள்ளிவிடுவான். முதல் நாள் மாணவி எழுதிய குறிப்பு இது: "கடும் கோபக்காரன். ஆசிரியரை மதிப்பதில்லை. தாய் கட்டாரில் இருப்பதால் பாசத்துக்கு ஏங்குகிறான்." இவற்றில் ஒன்றுகூட அவர் கண்ணால் கண்டதல்ல. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் முகம் வாடியது எனக்கும் வலித்தது. ஆனால் தாய் கட்டாரில் இருப்பது காலை ஒன்பதே முக்காலுக்கு வகுப்பில் என்ன செய்வது என்று சொல்லித் தராது.

குறிப்பேட்டில் மூன்று நிரல்கள் போடச் சொன்னேன்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், பின்னால் என்ன நடந்தது. நடத்தையை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் வழியில் வந்தவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்படுத்தும் முறை. கேட்க இலகு, மனத்தில் தோன்றும் தீர்ப்பை அடக்கிக்கொண்டு எழுதுவதுதான் கடினம்.

ஐந்து நாட்களில் 11 தடவைகள் பதிவாகின. ஒன்பது தடவை, கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்ன உடனே. பதினொரு தடவையும் முடிவு ஒன்றுதான்: "போய் விறாந்தையில் இரு." அங்கே அவன் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருப்பான். நாங்கள் தண்டனை என்று கொடுத்ததையே அவன் தினமும் தேடியிருக்கிறான்.

ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். 38 பிள்ளைகள். கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை 2005 இலேயே உடல் தண்டனையைத் தடைசெய்தது, அவரும் பிரம்பைத் தொடுவதில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்வதென்று அவருக்கு ஒருவரும் காட்டித் தரவில்லை. அமெரிக்காவில் விசேட கல்வி பெறும் பிள்ளையைப் 10 நாட்களுக்கு மேல் பாடசாலையிலிருந்து விலக்கினால், அந்த நடத்தை எதற்காக நிகழ்கிறது என்று ஆராய வேண்டும் என 1997 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கட்டாயமாக்கியது. இங்கே விறாந்தைக்கு அனுப்புவதை யாரும் எண்ணுவதில்லை. மாணவி எண்ணினார்: ஒரு வாரத்தில் 140 நிமிடங்கள்.

கரும்பலகையில் உள்ளதை மூன்று வரிகளாகத் துண்டுத்தாளில் எழுதி மேசையில் வைத்தோம். களைத்தால் பச்சை அட்டையைத் தூக்கிக் காட்டலாம். இரண்டு நிமிடம் விறாந்தை. அதே விறாந்தைதான், ஆனால் கேட்டுப் பெறுவது. நான்காம் நாள் அட்டையையும் கிழித்தான். அன்றிரவு மாணவி தொலைபேசியில் அழுதார், விட்டுவிடலாமா என்றார். பழைய வழி பலிக்காதபோது பிள்ளை முதலில் அதையேதான் இன்னும் பலமாகச் செய்து பார்ப்பான், பொறுங்கள் என்றேன். மூன்றாம் வாரம் அவன் அட்டையைத் தூக்கியபோது ஆசிரியை எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்தப் பதிவுக்கு மருதமுனையிலிருந்து ஓர் ஆசிரியரின் பதில்:

அந்த முதல் நிரலை வகுப்பறைக்குள் மட்டும் தேடாதீர்கள். 2005 இல், சுனாமிக்குப் பின், நாங்கள் தற்காலிகக் கொட்டகையில் படிப்பித்தோம். ஒரு சிறுமி சில நாட்கள் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்வாள், சில நாட்கள் நன்றாக இருப்பாள். பாடத்திலும் நேரத்திலும் காரணம் தேடித் தோற்றோம். அவளுடைய உம்மாதான் சொன்னார், வாடைக்காற்று எழுந்து கடல் இரைகிற நாட்களில் வீட்டிலும் அப்படித்தான் என்று. நாங்கள் ஒரு மாதமாக அவரிடம் கேட்கவே இல்லை. உங்கள் மாணவி அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனாரா?

ஆரையம்பதியிலிருந்து ஒரு தாதி:

கரும்பலகை என்றால்தான் குழப்படி. மேசையில் வைத்த தாளில் எழுதுகிறான். கண் பரிசோதித்தீர்களா?

முதற் பதிவை எழுதியவர்:

இல்லை. எந்தத் திட்டத்துக்கும் முன்னால் கண்ணையும் காதையும் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் படிப்பிக்கிறவன் நான். பதினொரு பதிவுகளையும் வாசித்தும் அதை நினைக்கவில்லை. நேற்று மாணவி வீட்டுக்குப் போனார். அம்மம்மா வரும் செவ்வாய்க்கிழமை அவனைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறார்.