இறால் பெட்டிக்கு ரேடியோ லேபிள்: தேவையா, தண்டச் செலவா?

குளிர்கிடங்கு:
தூத்துக்குடிப் பக்கம் ஓர் இறால் ஏற்றுமதி கம்பெனியில் லோடிங் பார்க்கிறேன். இனி ஒவ்வொரு மாஸ்டர் கார்ட்டனிலும் (சின்னப் பாக்கெட்டுகளை அடுக்கும் பெரிய அட்டைப்பெட்டி) ஆர்.எஃப்.ஐ.டி. லேபிள், அதாவது ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் லேபிள், ஒட்ட வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பெட்டி எங்கே இருக்கிறது, வழியில் எத்தனை டிகிரியில் இருந்தது எல்லாம் தெரியுமாம். அமெரிக்காவில் சட்டமே வந்துவிட்டதாம். என்னைக் கேட்டால் தண்டச் செலவு. கண்டெய்னருக்குள் வழிநெடுக டிகிரியைப் பதியும் டேட்டா லாகர் கருவி ஏற்கனவே போகிறது. மைனஸ் 18-ஐ விட்டு ஏறினால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

ஆன்டெனா:
நான் இந்த லேபிள் தொழிலில் இருப்பவன், லேபிள் பக்கம்தான் பேசுவேன். லாகரை எப்போது வைக்கிறீர்கள்? பெட்டியெல்லாம் ஏறிய பிறகு, கதவோரமாக. அதற்கு முன்னால் நடந்தது அதற்கு எப்படித் தெரியும்? கண்டெய்னர் வரத் தாமதமாகி, லோடிங் தளத்தில் முக்கால் மணி நேரம் கிடந்த பெட்டி எது என்று அது சொல்லுமா?

குளிர்கிடங்கு:
சொல்லாது. பட்டிருக்கிறேன். போன வருடம் ஒரு லோடு திரும்பி வந்தது. லாகர் கிராஃபில் கோடு ஆடவே இல்லை. பெட்டியைப் பிரித்தால் பாலிதீன் பைக்குள் கல்லுப்பு மாதிரி பனி. சிலாப்பின் (கட்டியாக உறைய வைத்த இறால்) ஓரமெல்லாம் மழுங்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தது. ஒருமுறை இளகி மறுபடி உறைந்த சரக்கு, பார்த்தாலே தெரியும். எங்கே இளகியது என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டினார்கள். லேபிள் இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

காசிமேட்டான்:
ஈரத்தில் அது வேலைக்கு ஆகாது சகோ. எங்கள் பக்கம் மீன் கூடையில் ஒட்டிப் பார்த்தார்கள். பாதிக் கூடை ஊமை.

ஆன்டெனா:
தண்ணீர் இந்த அலையைக் குடித்துவிடும், தகரம் திருப்பி அடிக்கும். மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் உறிஞ்சும் அளவுக்குப் பனிக்கட்டி உறிஞ்சாது. உறைந்த இறால் அட்டைப்பெட்டியையும் சொட்டச் சொட்ட நனைந்த கூடையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மின்மினி:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். காரில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் இதே சாதிதான், இந்தியாவில் 865-868 மெகாஹெர்ட்ஸ் அலை. அதில் பேட்டரி கிடையாது. டோல்கேட்டின் ஆன்டெனா கொடுக்கும் சக்தியில் ஒரு கணம் விழித்து எண்ணைச் சொல்லும், அப்புறம் தூக்கம். கார் வழியில் எந்த மரத்தடியில் நின்றது என்று அதற்குத் தெரியாது. பேட்டரி இல்லாத லேபிளில் வெப்ப சென்சார் இருந்தாலும் கதை இதுதான், லேபிளைப் படிக்கும் ரீடர் கருவி முன்னால் வரும் அந்த நொடியின் டிகிரிதான் கிடைக்கும். வழிநெடுகப் பதிய வேண்டுமென்றால் பேட்டரி உள்ள லேபிள் வேண்டும், அதன் விலையே வேறு.

இன்னொன்று, அந்த அமெரிக்கச் சட்டம். அங்கே உணவையும் மருந்தையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் உணவுத் தடமறிதல் விதியில் இறாலும் உண்டு. 2026 ஜனவரி என்றிருந்த கெடுவை 2028 ஜூலைக்குத் தள்ளினார்கள். அது கேட்பது லாட் எண்ணும் (ஒரே தொகுதிச் சரக்குக்கான எண்) யார் யாரிடம் கைமாறியது என்ற பதிவும்தான். ரேடியோ லேபிள் ஒட்டு என்று எங்கேயும் சொல்லவில்லை.

ஆன்டெனா:
பேட்டரி இல்லாததையும் மட்டமாகப் பேசாதீர்கள். கிடங்குக் கதவில் ஒரு ரீடர், கண்டெய்னர் வாயில் ஒரு ரீடர். வெளியே வந்தது 10.05, உள்ளே போனது 10.50 என்று பதிவாகிவிட்டால் தெர்மாமீட்டரே தேவையில்லை. தூத்துக்குடி வெயிலில் 45 நிமிடம் போதாதா?

மின்மினி:
அதை வாசலில் ஒருவர் நோட்டில் எழுதலாமே.

ஆன்டெனா:
எழுதலாம். அந்த நோட்டில் எல்லா லோடும் பத்து நிமிடத்தில் ஏறியிருக்கும்!

செவிலி_அக்கா:
நான் தடுப்பூசி போடுகிறவள், இறால் தெரியாது. போலியோ மருந்துக் குப்பியில் ஒரு வட்டம், அதற்குள் வெளிர் சதுரம் இருக்கும். சூடு பட்டுப் பட்டுச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் அந்தக் குப்பியைத் தொடமாட்டோம். ரீடரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். உங்கள் லேபிளைப் படிப்பது கம்ப்யூட்டர். பெட்டியைத் திறக்கிறவர் கண்ணுக்கு அதில் என்ன தெரியும் தம்பி?

ஆன்டெனா:
நியாயம்தான் அக்கா. ஆனால் உறைந்தால் கெட்டுப்போகும் வேறு சில தடுப்பூசிகள் உறைந்துவிட்டால் அந்தச் சதுரம் காட்டாதே. அதற்குக் குப்பியைக் குலுக்கித்தானே பார்க்கிறீர்கள்?

செவிலி_அக்கா:
பார்க்கிறோம். குலுக்க எங்களுக்குக் கை இருக்கிறது.

குளிர்கிடங்கு:
மின்மினி சொன்னதைப் படித்துவிட்டு, ஆபீசுக்கு வந்த சாம்பிள் லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வளைந்து வளைந்து போகும் வெள்ளிக் கோடு, நடுவில் கடுகைவிடச் சின்னப் புள்ளி. பேட்டரி இல்லை. கொட்டேஷனில் வெப்பநிலை என்ற சொல்லே இல்லை. ரீடரும் ஒன்றே ஒன்று, அதுவும் கிடங்குக்குள்.

ஆன்டெனா:
அப்படியானால் திட்ட வேண்டியது லேபிளை அல்ல, ஆர்டர் போட்டவரை.

குளிர்கிடங்கு:
ஆர்டர் போட்டவர்தான் எனக்குச் சம்பளமும் போடுகிறார். இதை அவர் மனம் நோகாமல் மெயிலில் எப்படி எழுதுவது என்று யாராவது சொல்லுங்கள்.