தடுப்பு ஏற்பி வேண்டாம், வேற சொல் வேணும் (திங்கட்கிழமைக்குள்ள)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாமக்கல் பக்கம் ஒரு காலேஜ்ல மைக்ரோபயாலஜி எடுக்கறேன். பசங்க பாதிப் பேர் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், அதனால இம்யூனாலஜி பேப்பருக்கு மட்டும் நானே தமிழ்ல நோட்ஸ் எழுதி ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துட்டு வர்றேன். இந்த வாரம் நேச்சுரல் கில்லர் செல், இயற்கைக் கொல்லி செல்னு நாம சொல்றது, வைரஸ் புகுந்த செல்லைக் கொல்ற ஒரு வகை வெள்ளணு. வைரஸ் வந்தா அது எப்ப அடிக்கும், எப்ப சும்மா இருக்கும்ங்கறதுதான் பாடம்.

நான் மாட்டிக்கிட்டது இன்ஹிபிட்டரி ரிசெப்டார்ல, அதாவது கொல்லி செல் மேல இருந்துக்கிட்டு அதைக் கொல்ல விடாம புடிச்சு வைக்கற புரதம். போன வருஷம் 'தடுப்பு ஏற்பி'ன்னு எழுதுனேன். பேப்பர் திருத்தும்போது பாத்தா, 'தடுப்பு ஏற்பி வைரஸைத் தடுக்கும், இது அதிகமா இருந்தா நோய் வராது'ன்னு நாலஞ்சு பேர் எழுதியிருக்காங்க. அப்படியே தலைகீழ். பசங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், தடுப்பூசி, நோய்த்தடுப்பு, தடுப்பாற்றல்னு அந்தப் பாடம் முழுக்க 'தடுப்பு' நம்ம பக்கம் நிக்கற சொல், ஒரே ஒரு இடத்துல மட்டும் அது நம்ம சிப்பாயோட கையக் கட்டுதுன்னா எப்படிப் புரியும்?

போர்டுல நான் போடற படம் இதான். நம்ம உடம்புல உட்கரு இருக்கற செல் எல்லாம் கிட்டத்தட்ட எம்எச்சி கிளாஸ் ஒன்ங்கற புரதத்த மேல நீட்டி வச்சிருக்கும். கொல்லி செல் வந்து ஒட்டும்போது அதோட கேஐஆர், என்கேஜி2ஏ மாதிரி ஏற்பிகள் அந்தப் புரதத்தத் தொட்டுப் பாக்கும், தொட்டா 'நம்ம ஆளு, விடு'ன்னு உள்ள சிக்னல் போகும். சைட்டோமெகலோவைரஸ்னு ஒரு வைரஸ், எம்எச்சியப் பாத்துத்தான் ஆளக் கண்டுபுடிக்கற டி செல்ங்கற இன்னொரு வெள்ளணு கண்ணுல படாம இருக்கறதுக்காக எம்எச்சிய மேல வரவிடாம இழுத்துப் போட்டுடும். டி செல்லு கிட்ட தப்பிச்சுடும், ஆனா கொல்லி செல்லைப் புடிச்சு வச்சிருந்த கை விட்டுப் போகும். கூடவே என்கேஜி2டி மாதிரி தூண்டற ஏற்பிக்கு, தவிக்கற செல் மேல முளைக்கற மைக்ஏ, மைக்பிங்கற புரதங்கள் கெடச்சுதுன்னா பெர்ஃபோரின், கிரான்சைம்னு கொல்ற புரதம் எல்லாம் எறங்கி செல்லை முடிச்சுடும்.

அந்தப் புடிச்சு வைக்கற கைக்கு ஒரு சொல் வேணும். திங்கட்கிழமை காலைல ஜெராக்ஸ்.

– நாமக்கல்

டீச்சரம்மாவுக்கு வணக்கம். மொதல்ல 'இயற்கைக் கொல்லி'யவே சரி பண்ணணும். பூச்சிக்கொல்லின்னா பூச்சியைக் கொல்றது, இரண்டாம் வேற்றுமை. அப்ப இயற்கைக்கொல்லின்னா இயற்கையைக் கொல்றதுன்னுதான் காது கேக்கும். இயல்கொல்லின்னு வினைத்தொகையாவோ பண்புத்தொகையாவோ வச்சா தப்பிக்கலாம்.

உங்க ஏற்பிக்கு 'கொல்லல் ஏற்பி' போடுங்க. குறள்ல 'மகனெனல் மக்கட் பதடி எனல்' நினைவிருக்கும். மொத எனல், சொல்லாதேன்னு பொருள், ரெண்டாவது எனல், சொல்லுன்னு பொருள். அல் விகுதி வியங்கோள் எதிர்மறைக்கும் வரும் உடன்பாட்டுக்கும் வரும்னு பரிமேலழகர் உரையே இருக்கு. மதுரைக் கோட்டைக் கொடி கோவலனையும் கண்ணகியையும் பாத்து 'வாரல்', வராதேன்னு மறிச்சுக் கை காட்டுச்சே, அதே அல். செல் மேல நீட்டி நிக்கற புரதம் அந்தக் கொடி மாதிரிதானே? 'கொல்லல்', கொல்லாதேன்னு கை காட்டுது.

– கும்பகோணம்

ஐயா, கொடி உவமை எனக்கு ரொம்பப் புடிச்சுது, வகுப்புல சொல்லிக்கறேன்னு டீச்சர் சொன்னாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனா 'கொல்லல் ஏற்பி'ய இன்னைக்கு யார் படிச்சாலும் கொல்றதுக்கான ஏற்பின்னுதான் எடுத்துப்பாங்க. தடுப்பு ஏற்பிலயாவது அரைக் குழப்பம், இதுல முழுக் குழப்பம்.

நேச்சுரலுக்கு ஒரு வார்த்தை. 1975ல ஸ்டாக்ஹோம்ல கீஸ்லிங், ஏவா க்ளைன், விக்செல் இவங்க பேர் வச்சப்ப நேச்சுரல்னு சொன்னது, முன்கூட்டி எதையும் காட்டிப் பழக்காமலே கொல்லுதுங்கறதுக்காக. அதனால 'இயல்பு' சரி, 'இயற்கை' கொஞ்சம் தள்ளித்தான் நிக்குது.

டீச்சர், எந்தச் சொல் வந்தாலும் ஒரு வாக்கியத்துல போட்டுப் பாருங்க. சைட்டோமெகலோவைரஸ் எம்எச்சிய மறைச்சதோட நிக்கறதில்ல, யூஎல்40ங்கற புரதத்துலேர்ந்து ஒரு துண்டு குடுத்து எச்எல்ஏ-ஈங்கற ஒரு வகை எம்எச்சி மட்டும் மேல நிக்கற மாதிரி பாத்துக்குது, என்கேஜி2ஏ அதத் தொட்டு அடங்கிடும். கள்ள நோட்டு நீட்டற வேலை. இப்ப 'வைரஸ் தடுப்பு ஏற்பியைத் தூண்டுகிறது'ன்னு எழுதுனா வைரஸ் நமக்கு உபகாரம் பண்ற மாதிரி இருக்கு. 'வைரஸ் கடிவாள ஏற்பியைப் பிடித்து இழுக்கிறது'ன்னா ஒரு தடவைல புரியும். என் ஓட்டு கடிவாள ஏற்பிக்கு.

– சென்னை

வணக்கம் ரீச்சர். நாங்கள் ஏ.எல். (உங்கட பிளஸ் டூ மாதிரி) படிக்கேக்க ரிசெப்டரை 'வாங்கி' எண்டுதான் படிச்சனாங்கள், இம்யூனிற்றி எண்டா நிர்ப்பீடனம், அன்ரிபொடி எண்டா பிறபொருளெதிரி. ஆனபடியா 'தடுப்பு' எங்கட பாடத்தில உங்கட அளவுக்கு நெருக்கிக்கொண்டு நிக்கிறேல்லை. இன்ஹிபிற்றர் எண்டா நிரோதி. 'நிரோதி வாங்கி' எண்டால் எங்கட பிள்ளையளுக்கு உடன விளங்கும்.

இன்னொண்டு. நான் மருத்துவம் பாக்கிற ஆள், இந்தச் செல் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டதையும் நோட்ஸில போடுங்கோ. 1989ல நியூ இங்கிலண்ட் மருத்துவ இதழில ஒரு பிள்ளையின்ர கதை வந்தது, பதின்ம வயசு, நேச்சுரல் கில்லர் செல் இல்லை. சின்னம்மை, சைட்டோமெகலோ, ஹெர்பிஸ் சிம்பிளெக்ஸ் எண்டு ஹெர்பிஸ் குடும்பத்து வைரசுகள் ஒண்டு மாறி ஒண்டாக் கடுமையா வந்தது. அதைச் சொன்னால் பிள்ளையள் நிமிர்ந்து இருப்பினம்.

– யாழ்ப்பாணம்

அண்ணா, அந்தக் கேஸ் கண்டிப்பா போடறேன், நன்றி. ஆனா நிரோதி இங்க முடியாது. நிரோத்ங்கறது இங்க அரசாங்கம் ரொம்ப வருஷமா குடுத்துட்டு வர்ற ஆணுறையோட பேரு, அந்தச் சொல்ல வகுப்புல சொன்ன நிமிஷமே பாடம் என் கைய விட்டுப் போயிடும். வாங்கின்னா இங்க பொருள் வாங்கற ஆளு.

– நாமக்கல்

நிரோதம் எப்படியும் வடசொல். கடிவாளம் குதிரைக்கு, நம்ம செல் குதிரை இல்ல. யோசிச்சுப் பாத்தேன், 'தளை ஏற்பி'. தளைன்னா விலங்கு, கட்டு. யாப்புல தளை எங்க இருக்கு? நின்ற சீரோட கடைசியும் வர்ற சீரோட முதலும் தொடற இடத்துல. மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். பொருந்துச்சுன்னா வெண்பா அமைதியா ஓடும், பொருந்தலைன்னா தளை தட்டும். ஒரு செல்லோட விளிம்பும் இன்னொரு செல்லோட விளிம்பும் தொட்டுப் பாத்துக்கற எடத்துக்கு இத விடப் பொருத்தமான சொல் தமிழ்ல இல்ல. எம்எச்சி காணாமப் போனா 'தளை தட்டுகிறது'. கொல்லு.

– கும்பகோணம்

எல்லாருக்கும் வணக்கம், நான் ஒரு டயக்னாஸ்டிக் லேப்ல வேலை பாக்கறேன். 'இன்ஹிபிட்டரி ரிசெப்டார்'னு தமிழ் எழுத்துல அப்படியே போட்டா என்னங்க? இந்தப் பிள்ளைங்க நாளைக்கு எம்எஸ்சிக்குப் போனா, இல்ல எங்க லேப்புக்கு வந்தா, தளைன்னு ஒரு ஆளும் சொல்லப் போறதில்ல. ரெண்டு சொல் படிக்கற சுமை ஏழைப் பிள்ளைங்க தலையிலதான் விழும்.

– கோவை

சுமைதான், ஒத்துக்கறேங்க. இங்கிலீஷ் சொல்லையும் பக்கத்துலயே தமிழ் எழுத்துல போட்டுத்தான் குடுக்கறேன். ஆனா இன்ஹிபிட்டரின்னா என்னன்னு கேட்டா மனப்பாடமா ஸ்பெல்லிங் வருது, அர்த்தம் வரல. அர்த்தம் வர்றதுக்குத்தான் இத்தன மெயில் போட்டுக் கேக்கறேன். தனி மெயில்ல 'அடக்கு ஏற்பி'ன்னும் ஒரு யோசனை வந்திருக்கு.

– நாமக்கல்

தளைக்கும் அடக்குக்கும் ரெண்டுக்கும் எனக்கு ஒரு மறுப்பு இருக்கு. இந்த ஏற்பி வெறுமனே கட்டிப் போடற கயிறு இல்ல. 2005ல எலியில காட்டுனாங்க, வளரும்போது சொந்த எம்எச்சிய இந்த ஏற்பியால தொட்டுப் பழகாத கொல்லி செல் வெறி புடிச்சு அலையும்னு பாத்தா அப்படி இல்ல, மந்தமாயிடுது. அதாவது அடக்கற கைதான் பழக்கற கையும். கடிவாளம்னு நான் புடிவாதமா நிக்கறது அதுக்காகத்தான், குதிரைய நிறுத்தறதுக்கு மட்டும் கடிவாளம் இல்ல, பழக்கறதுக்கும் அதுதான்.

அளவும் முக்கியம். 2012ல மாசசூசெட்ஸ் பல்கலை மருத்துவக் கல்லூரில எல்சிஎம்விங்கற வைரஸ எலிக்குள்ள விட்டுப் பாத்தப்ப, கொல்லி செல் வைரஸ் புகுந்த செல்ல விட்டுட்டு தன் பக்கத்து சிடி4ங்கற வகை டி செல்லையே கொன்னு டி செல் வேகத்தக் கொறைக்குதுன்னு தெரிஞ்சுது. வைரஸ் ரொம்ப அதிகமா இருந்தா அந்தக் கொறைப்பு உயிரக் காப்பாத்துது, நடுத்தர அளவுல இருந்தா அதே கொறைப்பு எலியக் கொன்னுடுது. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரின்னு சொல்லிக் குடுங்க. இந்தப் பாடத்துக்குத் தலைப்பே 'ஒழுங்காற்று'ன்னு இருக்கணும், 'கட்டுப்பாடு' பத்தாது.

– சென்னை

ஒழுங்காற்றுன்னா ஒழுங்கை ஆற்றுன்னு வரும், எதை ஆற்றறது? சீராக்கம்னு போடுங்க. அதுக்குத் தனி இழை ஆரம்பிப்போம், இப்ப வேண்டாம்.

– கும்பகோணம்

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். போர்டுல தளை ஏற்பி, அடக்கு ஏற்பி, கடிவாள ஏற்பி மூணையும் எழுதி, ஒண்ணும் விளக்கம் சொல்லாம, இது என்ன பண்ணும்னு ஒரு வரி எழுதச் சொன்னேன். தளைக்கு 'இலை, தழை'ன்னு ரெண்டு பேர் எழுதிட்டாங்க, ஐயா மன்னிக்கணும், இந்தப் பக்கம் ளவும் ழவும் பேச்சுல ஒண்ணாயிடுச்சு. கடிவாளத்துக்கு நல்லா எழுதுனாங்க, ஆனா ரெண்டு மூணு பேர் கடிக்கற வேலைன்னு நெனச்சுட்டாங்க, அதாவது கொல்றது. அடக்குக்கு யாரும் தப்பா எழுதல, யாருக்கும் பெரிசா ஆர்வமும் வரல.

அப்பறம் படம் போட்டு விளக்குனேன். கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு, வீட்டுல மாடு இருக்கு, 'மூக்கணாங்கயிறு மாதிரியா மிஸ்?'னு கேட்டா. கயிறு போட்டுப் பழக்குன மாடுதான் வேலைக்கு ஆகும், கயிறு அறுந்துட்டா மட்டும் போதாது, யாராவது உசுப்பிவிட்டாத்தான் முட்டும்னு அவளே சொல்லிட்டா. பழக்கறது, புடிச்சு வைக்கறது, விடுறது, தூண்டறது நாலும் அதுல வந்துடுச்சு, நான் முக்கால் மணி நேரம் சொன்னது.

நோட்ஸ்ல 'அடக்கு ஏற்பி'ன்னு போட்டுட்டேன், இங்கயும் மூணு பேர் தனி மெயில்ல அதுக்குத்தான் சரின்னாங்க. அதுக்குக் கீழ ஒரு வரி, மூக்கணாங்கயிறு மாதிரி வேலை செய்வதுன்னு. இயல்கொல்லி செல்னும் போட்டுட்டேன், ஐயா சொன்ன மாதிரி.

– நாமக்கல்

இயல்கொல்லிக்கு மகிழ்ச்சி. அடக்கு ஏற்பிக்கு என் மறுப்பைப் பதிவு பண்ணி வைங்க, அடக்கம்னா இந்த ஊர்ல பொணத்த அடக்கம் பண்றதும்தான், கொல்ற செல்லுக்குப் பக்கத்துல அந்தச் சொல் வேண்டாம். அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரியான சொல், 'கயிற்று ஏற்பி'ன்னே வச்சிருக்கலாம். அடுத்த வாரம் ஆக்டிவேட்டிங் ரிசெப்டார் வருமே, அதுக்கு 'தூண்டு ஏற்பி'ன்னு ஜெராக்ஸுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெயில் போடுங்க.

– கும்பகோணம்