மூன்று பக்க ரெஸ்யூமே, நான்கு மாதம், ஒரே ஒரு அழைப்பு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் 2016-லிருந்து அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். நான்கு மாதத்துக்கு முன் கம்பெனியை மூடிவிட்டார்கள். கிண்டி, பெருங்குடி, ஸ்ரீபெரும்புதூர் என்று எழுபது இடத்துக்காவது ரெஸ்யூமே அனுப்பியிருப்பேன், வந்தது ஒரே அழைப்பு.

அந்த ஒன்றிலும் மேனேஜர் முதல் பக்கத்தை மட்டும் மேலாகப் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பாமலே "ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடத் தெரியுமா?" என்று கேட்டார். மாதாமாதம் 11-க்குள் விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி என்று ரிட்டர்ன் போட்டவன் நான், 2017 ஜூலையில் பழைய வாட் (VAT) வரியிலிருந்து ஜிஎஸ்டிக்குக் கணக்கை மாற்றியதும் நான்தான், ஆனால் அதெல்லாம் மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறது. முதல் பக்கத்தில் அப்பா பெயர், பிறந்த தேதி, பத்தாம் வகுப்பு மார்க்!

ஜெராக்ஸ் கடைத் தம்பியிடம் 200 ரூபாய் கொடுத்து போட்டோ, கலர் கட்டமெல்லாம் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கட்டம் போட்டால் கம்பெனி சாஃப்ட்வேர் சரியாகப் படிக்காது என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதால் அதையும் எடுத்து, சாதா பிடிஎஃப்பாக அனுப்பினேன். அப்புறமும் அப்படியே. ஒரே பக்கமாக்கலாம் என்று உட்கார்ந்தால், உழைத்ததை வெட்ட மனசு வரவில்லை.

ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: ரெஸ்யூமே என்பது என் முழுக் கதையா, இல்லை நேர்காணலுக்குக் கூப்பிட வைக்கும் ஒரு சீட்டு மட்டும்தானா?