பழைய நிரலைச் சரிசெய்ய ஒருவர் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூர் தேக்கா அருகே எங்கள் வாசகர் வட்டம் நடத்தும் சிறு நூலகத்தின் கணினி இரவல் பதிவேடு போன வாரத்திலிருந்து திறக்கவில்லை. சர்வரில் அதை இயக்கும் பிஎச்பி நிரல்மொழியை 5.6-இலிருந்து 8.2 பதிப்புக்கு மாற்றினார்கள், மறுநாள் திரை வெறும் வெள்ளை. மாற்றியதில் தவறில்லை, 5.6-க்கான ஆதரவு 2018 இறுதியிலேயே முடிந்துவிட்டது.

நிரல் முழுக்க, தரவுத்தளத்தோடு இணைக்கும் மைஎஸ்கியூஎல் கனெக்ட் போன்ற பழைய கட்டளைகள். அவை 2015-இல் வந்த பிஎச்பி 7-இலேயே நீக்கப்பட்டவை. அவற்றுக்குப் பதிலாக, தரவுத்தளத்தோடு பேச இப்போது பயன்படும் பிடிஓ முறைக்கு மாற்ற வேண்டும். அதைவிட எனக்குக் கவலை தருவது எழுத்துதான். ஒரு பக்கத்தை நானே மாற்றிப் பார்த்தேன். நூல் தலைப்புகள் இருந்த இடமெல்லாம் கோடும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்! தரவுத்தள அட்டவணைகள் லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியீட்டு முறை) என்று குறிக்கப்பட்டிருக்கின்றன, உள்ளே இருப்பதோ யூனிகோடு தமிழ். உடனே நிறுத்திவிட்டேன். முழு நகல் பத்திரமாக இருக்கிறது.

நேற்று ஒரு சிறுமி கேட்ட புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று சொல்ல முடியாமல் அவளை வெறுங்கையோடு அனுப்பினேன். மனம் ஆறவில்லை.

பிஎச்பி தெரிந்த ஒருவர் இரண்டு சனிக்கிழமை மாலைகள் ஒதுக்கினால் போதும். ஊதியம் தர எங்களிடம் வசதியில்லை. ஜூன் பள்ளி விடுமுறைக்குள் முடிக்க வேண்டும். இயன்றவர்கள் இங்கேயே பதில் எழுதுங்கள். நிரலை உடனே அனுப்புகிறேன்.